நின்றுபோனால் எங்கே இறங்குவது? வீட்டில் கட்டும் விமானத்துக்கு எஞ்சின் பார்ப்பது

2022 டிசம்பர் 1 அன்று, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாருக்கு மேலே சத்திரம் என்ற ஊரில் என்.சி.சி.க்காகப் போட்ட ஓடுதளத்தில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. ஓடுதளத்தின் நீளம் 650 மீட்டர். வந்தது வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு இருக்கை விமானம். அதற்கு முந்தைய முயற்சியில் பக்கத்து மண்திட்டு இடைஞ்சலாக இருந்ததால் சக்கரம் தரையில் படாமலே திரும்பிப் போயிருந்தது. அது இறங்கிய பிறகு எங்கள் பக்கத்து ஜீப் ஸ்டாண்டுகளில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "ஏண்ணே, நம்ம மேஜர் ஜீப் எஞ்சினைத் தூக்கி வச்சா பறக்காதா?"

கேட்டதும் சிரித்துவிட வேண்டிய கேள்வி இல்லை இது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்தது அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் கடைந்து செய்த எஞ்சினில்தான். 12 குதிரைத்திறன், எடை 80 கிலோவுக்குப் பக்கம். 1929இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெர்னார்டு பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைத் தன் மரச்சட்ட விமானத்தில் பொருத்திப் பறந்தார். அந்த வடிவத்தை இன்றும் உலகத்தில் பலர் வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். ஆக, தரையில் ஓடும் எஞ்சின் வானத்தில் ஓடும். எதைச் சுமந்துகொண்டு, எவ்வளவு நேரம், எந்த நிலத்துக்கு மேலே ஓடும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் மேஜரையே பார்ப்போம். நம் ஜீப்புகளில் இருக்கும் டீசல் எஞ்சின் சுமார் 60 குதிரைத்திறன் தருவது. வார்ப்பிரும்பு பிளாக், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் சேர்த்தால் 200 கிலோவைத் தொடும். வைரஸின் மூக்கில் இருந்த ரோடாக்ஸ் 912 எஞ்சின் 80 குதிரைத்திறன் தருகிறது. கியர்பாக்ஸையும் சேர்த்து எடை 60 கிலோவை ஒட்டித்தான் வரும். ஜீப் எஞ்சினின் மேல் குற்றமில்லை. ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாக மேடேற வேண்டும், அடி வாங்கினாலும் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்க வேண்டும் என்று செய்தது அது. சாலையில் எடை ஒரு பொருட்டே இல்லை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் இரண்டு தரம் கணக்கில் வரும்.

எப்படி இரண்டு தரம்? வரைபடத்தில் சொன்னதைவிட 40 கிலோ கூடுதலான எஞ்சினை மூக்கில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அது இருக்கும் இடம் விமானத்தின் எடை மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால். மூக்கு கீழே இழுக்கும். அதைச் சமன் செய்ய, மையத்துக்கு 3.5 மீட்டர் பின்னால் வாலில் ஏறக்குறைய 14 கிலோ ஈயத்தைக் கட்ட வேண்டும். 40 கிலோ இப்போது 54 கிலோ ஆகிவிட்டது. அதைத் தூக்கக் கூடுதல் வேகம் வேண்டும், அதற்கு நீளமான ஓடுதளம் வேண்டும். 650 மீட்டரோடு நிலம் முடிந்துவிடுகிற இடத்தில் இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. விமானத்தின் வடிவத்தை வரைந்தவர் ஒரு எடை வரம்பையும் ஒரு சக்தி வரம்பையும் சொல்லியிருப்பார். எஞ்சின் தேடும் வேலை அந்த வரம்புக்குள்தான் தொடங்க வேண்டும். பலர் நேர் எதிராகச் செய்கிறார்கள். மலிவாக ஒரு எஞ்சின் கிடைத்துவிட்டது என்று அதற்கேற்ற விமானத்தைத் தேடுகிறார்கள்.

சரி, 60 கிலோவில் 80 குதிரைத்திறன் எங்கிருந்து வருகிறது? சுற்றும் வேகத்திலிருந்து. அதே 912 வரிசையின் 100 குதிரைத்திறன் எஞ்சின் வெறும் 1,352 சி.சி.தான், ஆனால் நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தைப் புரொப்பெல்லருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. ஒன்றரை மீட்டர் புரொப்பெல்லரை 5,500 சுற்றில் ஓட்டினால் அதன் நுனி நொடிக்கு 430 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான். நுனி அதைத் தாண்டினால் சத்தம் காதைக் கிழிக்கும், விமானத்தை இழுக்கும் சக்தி போய்விடும். அதனால் 2.43க்கு 1 என்று குறைக்கும் ஒரு கியர்பாக்ஸை வைத்து, புரொப்பெல்லரை 2,400க்குப் பக்கத்தில் சுற்ற வைக்கிறார்கள். லைகமிங், கான்டினென்டல் மாதிரியான பழைய அமெரிக்க எஞ்சின்கள் வேறு வழியில் போயின. எஞ்சினே 2,700 சுற்றுக்கு மேல் போகாது, கியர் கிடையாது, புரொப்பெல்லர் நேராக எஞ்சினின் சுற்றும் தண்டான கிராங்கில் உட்காரும். அந்த வேகத்தில் சக்தி வேண்டுமென்றால் சிலிண்டர் பெரிதாக இருக்க வேண்டும். கான்டினென்டல் ஓ-200 எஞ்சின் 100 குதிரைத்திறனுக்கு 3.3 லிட்டர் எடுத்துக்கொள்கிறது. எடையும் அதற்கேற்ப ஏறும்.

கார் எஞ்சினை மாற்றிப் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கியர்பாக்ஸில்தான். வட அமெரிக்காவில் சுசுகியின் மூன்று சிலிண்டர், 1 லிட்டர் எஞ்சினைப் பலர் பறக்கவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் சிலிண்டர் ஒவ்வொன்றும் வெடிக்கும்போது கிராங்க் சீராகச் சுற்றாது. உதை உதையாகத்தான் திரும்பும். காரில் அந்த உதையை கிளட்ச், டயர் எல்லாம் வாங்கிக்கொள்ளும். விமானத்தில் மறுமுனையில் இருப்பது கனமான, விட்டுக்கொடுக்காத புரொப்பெல்லர். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த உதையும் தண்டு முறுகி விடுபடும் இயல்பான அதிர்வும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் பெல்ட் பிய்யும், பல் உடையும், தண்டே முறியும். ரோடாக்ஸ் நிறுவனம் கியர்பாக்ஸுக்குள் அதிர்வு தாங்கும் அமைப்பை வைத்த பிறகும், 1,400 சுற்றுக்குக் கீழே எஞ்சினைச் சும்மா ஓடவிடாதீர்கள் என்கிறது. குறைந்த சுற்றில் உதை பெரிது, பல்லோடு பல் மோதும். லேத் பட்டறையில் நாமே கடைந்து போடும் கியருக்கு இந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது.

இதோடு முடியாது. எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர், அதற்குக் காற்று வர ஒரு வழி, கார் கம்ப்யூட்டருக்கு மாற்று, பேட்டரி போனாலும் ஸ்பார்க் வர இன்னொரு ஏற்பாடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போலிருக்கிறது. அமெரிக்க விதியே இந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறது. சான்று பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் போட்டிருந்தால் ஆரம்பச் சோதனைப் பறப்பு 25 மணி நேரம். அப்படி இல்லையென்றால் 40 மணி நேரம். அந்தக் கூடுதல் 15 மணி நேரத்தில், என்ன உடையும் என்று கண்டுபிடிப்பது நீங்கள்தான்.

கியர் வேண்டாம் என்றால் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எஞ்சின் இருக்கிறது. காற்றால் குளிர்வது, எதிரெதிர் சிலிண்டர், புரொப்பெல்லரை நேராக மாட்டலாம், 60 முதல் 80 குதிரைத்திறன் வரை எடுக்கலாம். ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகச் சின்ன விமானங்களில் ஓடுகிறது. இந்தியாவில் அந்தக் காரே அபூர்வம் என்பதால் அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை பழகியது அதுதான். எஸ்டேட்டில் முதுகில் தூக்கி மருந்தடிக்கிற மிஷின் இரண்டு ஸ்ட்ரோக், கொழுந்து வெட்டுகிற மிஷின் இரண்டு ஸ்ட்ரோக், ஆர்.எக்ஸ். 100 பைக்கும் இரண்டு ஸ்ட்ரோக். வால்வு இல்லை, ஆயில் பம்ப் இல்லாவிட்டாலும் ஓடும், பட்டறையில் ஒரு மத்தியானத்தில் கழற்றி மாட்டிவிடலாம். ரோடாக்ஸ் 582 எஞ்சின் 580 சி.சி.யில் 65 குதிரைத்திறன் கொடுத்தது. சின்ன விமானங்களின் ஒரு காலமே அதை நம்பித்தான் ஓடியது.

மருந்தடிக்கிற மிஷின் வெயிலில் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றால் பட்டறையில் என்ன செய்வார்கள்? ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவி, பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். சைலன்சர் இருக்கும் பக்கத்தில் மேலிருந்து கீழாக நேர்கோடாகக் கீறல்கள் இருக்கும். சில இடத்தில் அலுமினியம் இழுபட்டு ரிங்கின் மேல் வழிந்து, ரிங் பள்ளத்திலேயே ஒட்டியிருக்கும். சீஸ் ஆகிவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிட்டது என்று சொல்லி, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கு அனுப்புவார்கள். காரணம் சின்னதாகத்தான் இருக்கும்: ஆயில் கலவை கொஞ்சம் குறைந்திருக்கும், கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்துப் பெட்ரோல் குறைந்திருக்கும், அல்லது ஒரு கேஸ்கெட் காற்றை உள்ளே விட்டிருக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும்; இரண்டு ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சாகும் முன்னால் முனகும், ஆயில் பிரஷர் இறங்கும், நடுங்கும். இரண்டு ஸ்ட்ரோக் முன்னறிவிப்பு கொடுப்பது குறைவு. 582 எஞ்சினைத் தயாரித்த நிறுவனமே தன் கையேட்டில், இந்த எஞ்சின் அதன் அமைப்பின் காரணமாகவே திடீரென நிற்கக்கூடியது என்று எச்சரிக்கை போட்டிருந்தது. 300 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து மாட்டவும் சொன்னது. 912 எஞ்சினுக்கு அந்தக் கெடு இப்போது 2,000 மணி நேரம்.

அப்படியானால் இரண்டு ஸ்ட்ரோக் கூடவே கூடாதா? அது நீங்கள் எங்கே பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஞ்சின் தேர்வை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. 300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், ஒரு சாதாரண சின்ன விமானம் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது சுமார் 3 கிலோமீட்டர் சறுக்கிப் போகும். அந்த 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்ன இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் மின்கம்பியும் இருந்தாலும், அறுத்துவிட்ட வயல் ஒன்றாவது கண்ணில் படும். அங்கே ஒரு ஆள் மட்டும் உட்காரும் இரண்டு ஸ்ட்ரோக் விமானத்தைக் காலை வேளையில் வயலை விட்டு விலகாமல் ஓட்டுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டிப்பெரியாரிலோ பீர்மேட்டிலோ அந்த வட்டத்துக்குள் இருப்பது தேயிலைச் சரிவு, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், ஏலக்காடு, அப்புறம் பெரியாற்றுக் காடு. மேலிருந்து பார்த்தால் தேயிலை மெத்தை மாதிரி இருக்கும். கவாத்துக் கத்தி பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் செடியின் அடித்தூர் எவ்வளவு முரடு என்று. இங்கே நின்றுபோனால் இறங்க இடமில்லை. அதனால் இங்கே பறக்கும் விமானத்துக்கு, லட்சக்கணக்கான மணி நேரம் மற்றவர்கள் ஓட்டிப் பார்த்த எஞ்சினைத் தவிர வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாத, பேச முடியாதவர், இடுக்கி மாவட்டத்திலேயே தன் கையால் ஒரு சின்ன விமானத்தைக் கட்டினார். அதைப் பறக்கவிட்டுப் பார்த்தது 2014இல், மலைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில் மணிமுத்தாறு அருகே. கட்டுவதற்கு வீட்டு முற்றம் போதும். பறக்க சமவெளி வேண்டும்.

விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின் வீட்டில் கட்டுவோருக்குப் பிடித்தமானது. கியர் இல்லை, 2.2 லிட்டர், 80 குதிரைத்திறனுக்கு மேல், எடையும் குறைவு. அந்த நாட்டிலேயே எஞ்சின் கோளாறுகள் அதிகம் என்று 2014 டிசம்பரில் விமானப் பாதுகாப்பு ஆணையம் அந்த எஞ்சின் பொருத்திய விமானங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2016இல்தான் தளர்த்தினார்கள்.

மலையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 3,000 அடி உயரத்தில், மார்ச் மாத மத்தியானம் 28 டிகிரி வெயிலில், காற்றின் அடர்த்தி 5,300 அடியில் இருக்க வேண்டிய அளவுக்கு மெலிந்திருக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். 80 குதிரைத்திறன் 67 ஆகிவிடும். 13தானே போனது என்று நினைக்கக் கூடாது. மட்டமாகப் பறக்கவே 35 தேவை என்று வைத்துக்கொண்டால், ஏறுவதற்கு மிஞ்சியிருந்தது 45. இப்போது மிஞ்சுவது 32. ஏறும் வேகத்தில் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. இறக்கையும் புரொப்பெல்லரும் அதே மெலிந்த காற்றில் தங்கள் பங்குக்கும் குறைத்துக்கொள்ளும். எதிரே குன்று நிற்கும்போது இந்த எண்களைப் பார்த்துத்தான் எஞ்சின் வாங்க வேண்டும், விளம்பரத்தில் போட்ட எண்ணைப் பார்த்து அல்ல. டர்போ இதைச் சரி செய்யும். ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் கட்டி 2022இல் பறந்த நான்கு இருக்கை ஸ்லிங் விமானத்தில் ரோடாக்ஸ் 915 இருக்கிறது. 141 குதிரைத்திறன், டர்போ. விலையும் அந்த உயரத்தில்தான்.

அப்புறம் மூடுபனி. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூட வெப்பம் இறங்கிவிடும். வெளியே 18 டிகிரி, ஈரம் முழுக்க நிறைந்த காற்று என்றால் கார்புரேட்டரின் தொண்டையில் ஐஸ் பிடிக்கும். பீர்மேட்டில் வருஷத்தில் பாதி நாள் காலைப் பொழுது இப்படித்தான். சத்தமே இல்லாமல் சுற்று இறங்கிக்கொண்டே வரும். சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் குமிழை இழுத்தால் சுற்று முதலில் இன்னும் இறங்கி, எஞ்சின் இருமும்; உருகிய தண்ணீர் உள்ளே போகிறது. பயந்துபோய் குமிழைத் திரும்ப மூடினால் கதை முடிந்தது. லைகமிங்கில் கார்புரேட்டர் சூடான ஆயில் தொட்டியின் அடியில் இருப்பதால் தொல்லை கொஞ்சம் குறைவு. ஓ-200 இந்தத் தொல்லைக்குப் பேர் போனது. இன்ஜெக்‌ஷன் வைத்த ரோடாக்ஸ் 912 ஐ.எஸ். எஞ்சினில் இந்தத் தலைவலியே இல்லை, பதிலுக்கு அது மின்சாரத்தை நம்பி நிற்கும்.

எஞ்சின் வாங்கும் முன் பெட்ரோலையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 912 வரிசைக்கு 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம் என்பது தயாரிப்பாளர் சொன்ன வரம்பு. நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. குமுளிக்காரர்கள் விலை குறைவு என்று லோயர் கேம்ப் பக்கம் இறங்கிப் பெட்ரோல் போடுவது வழக்கம்தான், ஆனால் எல்லை தாண்டினால் எத்தனால் குறையாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒடுக்கமான கண்ணாடிப் புட்டியில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்துவிட்டால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழ் அடுக்கு கோட்டைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நிற்கும். இதே வேலையை மழைக்கால ஈரம் விமானத்தின் டாங்கிலும் மெதுவாகச் செய்யும். இப்படிக் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாமே என்று ஒரு புத்திசாலித்தனம் தோன்றும். வேண்டாம். ஆக்டேனில் ஒரு பகுதியைக் கொடுத்ததே அந்த எத்தனால்தான். அது போனால் எஞ்சின் தட்டும். விமானப் பெட்ரோல் 100 எல்.எல். வாங்கலாம், இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் தயாரிப்பதை 2022இல் அறிமுகம் செய்தது. அதில் ஈயம் இருக்கிறது. ரோடாக்ஸில் தொடர்ந்து போட்டால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். லைகமிங்குக்கும் கான்டினென்டலுக்கும் அது பழகிய உணவு.

யார் பழுது பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் உள்ள விமான ஆய்வகமான என்.ஏ.எல். செய்த ஹன்சா-3 விமானத்தில் ரோடாக்ஸ் 914 இருக்கிறது, புதிய ஹன்சாவில் 912 ஐ.எஸ். விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்குமாக 2015இல் 194 வைரஸ் விமானங்களுக்கு ஆர்டர் போனது. ஆக அந்த எஞ்சினைத் திறந்து பார்த்த கைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. புதிதாக வாங்கினால் ஒரு நல்ல காரின் விலை, சின்னக் காரின் விலை அல்ல. காகித வேலையும் லேசில்லை: மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு விமானத் துறையின் பதிவு கிடைக்கவே 2017 ஆனது. பதிவுக்குப் போகும்போது, பெயர் தெரிந்த எஞ்சின் என்றால் ஒரு கேள்வியாவது குறையும். சத்திரம் ஓடுதளமும் என்.சி.சி.யுடையதுதான், நாம் நினைத்த நேரத்துக்கு ஓட்ட முடியாது.

விலைக்குப் பயந்து பழைய எஞ்சின் பார்க்கிறவர்கள் முதலில் ஓடிய மணி நேரத்தைக் கேட்கிறார்கள். எஞ்சின் ஓடாமல் கிடந்த மாதங்களைத்தான் நான் முதலில் கேட்பேன். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நிறுத்திவிட்டால் அதிலிருக்கும் ஆயில் வழிந்து இறங்கிவிடும். ஜூனில் மூடி வைத்து நவம்பரில் திறந்தால், எங்கள் ஊர் ஈரத்தில் கேம் முனைகளில் துருப்புள்ளி விழுந்திருக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளி பெயர்ந்து, தேய்ந்து, இரும்புத் தூளாக ஆயிலில் சுற்றும். ரோடாக்ஸ் 912இல் கேம் கிராங்குக்குக் கீழே. சிலிண்டரின் உட்சுவரில் நிக்கல் பூச்சு இருப்பதால் துரு எளிதில் பிடிக்காது. எதை வாங்கினாலும் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தைப் பிரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தை வைத்தால் தூள் எழுந்து ஒட்டுகிறதென்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.